ஃபேண்டசி ஆடுகிறவர்களுக்கும் சேர்த்துக் காற்பந்தைப் படம் பிடிக்க முடியாதா?

எடைமேடை | ஞாயிறு காலை 9:40

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணியாக இருக்கிறேன். எட்டு வருஷமாக ஃபேண்டசி பிரிமியர் லீக் ஆடி வருகிறேன். இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களில் பதினைந்து பேரை நம் அணியாக இணையத்தில் எடுத்துக்கொள்வோம்; அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வதை வைத்து வாராவாரம் நமக்குப் புள்ளி. எங்கள் குழுவில் பதினான்கு பேர். தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் ஆறு பேர், லோரி ஓட்டுகிறவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் டவுனில் வேலை பார்க்கிறவர்கள். காசு வைத்து ஆடுவதில்லை. மே மாதம் சீசன் முடியும்போது கடைசி இடத்தில் இருப்பவர் எல்லாருக்கும் வாழை இலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி பல நாளாக மனத்தில் கிடக்கிறது. நேற்று ராத்திரிக்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

டிவியில் காற்பந்தைக் காட்டும் விதம் முழுக்க முழுக்கப் பந்தைப் பார்க்கிறவர்களுக்கானது. பந்து எங்கே போகிறதோ கேமராவும் அங்கேயே போகும். நான் பார்ப்பது பந்தை அல்ல, ஆளை. என் அணியில் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நொண்டுகிறாரா, கார்னர் அடிக்கப் போவது யார், மாற்று ஆட்டக்காரர் எதற்காக உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார், இதெல்லாம்தான் எனக்கு வேண்டும். உலகம் முழுக்க 11 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். இத்தனை பேருக்காக ஒரு கேமரா ஒதுக்கக் கூடாதா?

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், இரவு 11 மணி ஆட்டம். (இங்கிலாந்தில் குளிர்காலம் வந்துவிட்டால் மாலை மூன்று மணி ஆட்டம் நமக்கு 11 மணி. கோடையில் 10 மணி.) என்னிடம் ஒரு நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் இருந்தார். 2025/26 சீசனில் வந்த புதிய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தற்காப்பு ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் பந்தை அப்புறப்படுத்துவது, அடியைத் தடுப்பது, பாஸை இடைமறிப்பது, டேக்கில் செய்வது (எதிராளி காலில் இருந்து பந்தைப் பறிப்பது) எல்லாம் சேர்த்துப் பத்து முறை செய்தால் 2 புள்ளி. மத்திய திடல் ஆட்டக்காரருக்கும் முன்வரிசைக்காரருக்கும் பன்னிரண்டு முறை. அவர்களுக்கு நழுவிக் கிடக்கும் பந்தை மீட்டெடுப்பதும் கணக்கில் சேரும். நல்ல விதி. இத்தனை வருஷமாகக் கோல் அடிக்கிறவனுக்கும் கோலுக்குப் பந்து கொடுக்கிறவனுக்கும்தான் புள்ளி குவிந்தது. சாலா 2024/25 சீசனில் 344 புள்ளி எடுத்துச் சாதனை படைத்தார், அது அவர் உழைப்பு. ஆனால் பின்னால் நின்று தலையால் முட்டி முட்டி வெளியே தள்ளுகிறவனுக்கும் ஒரு மரியாதை வேண்டும் அல்லவா?

நான் எடைச் சீட்டின் பின்புறத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். லோரி எண்ணுகிற பழக்கம். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. 62வது நிமிடத்தில் எட்டு. இன்னும் இரண்டுதான். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து, அதற்கு முந்தி அடித்த அடியை ரீப்ளே போட்டார்கள். ஒரு முறை பக்கவாட்டில் இருந்து, இன்னொரு முறை கோலுக்குப் பின்னால் இருந்து, மூன்றாவதாக அடித்தவருடைய முகம். நேரடிப் படம் திரும்பி வந்தபோது பந்து கோல் பெட்டியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. யார் முட்டியது? தெரியாது. சீட்டில் கோடு போடுவதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

71வது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். பலகை காட்டினார்கள், பயிற்றுநர் முகத்தைக் காட்டினார்கள், கூட்டத்தில் ஒரு குழந்தையைக் காட்டினார்கள், உள்ளே வருகிறவரைக் காட்டினார்கள். வெளியே போகிறவரை இரண்டு விநாடி, அதுவும் முதுகுப் பக்கம். காயமா, களைப்பா, மஞ்சள் அட்டைக்குப் பயந்து எடுத்தார்களா? பக்கத்து மேசையில் இருந்தவர் “தொடையைப் பிடித்த மாதிரி இருந்ததே” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அடுத்த வாரம், அணியை மாற்றுவதற்கான சனிக்கிழமை மாலை ஏழு மணிக் கெடுவுக்கு முன்னால் அவரை விற்று வேறு ஆளை எடுத்தேன். இலவச மாற்றம் முடிந்துவிட்டதால் 4 புள்ளி கழிந்தது.

நேற்று அவர் முழு 90 நிமிடமும் ஆடினார். கோல் விடவில்லை, தற்காப்பு 2 புள்ளியும் கிடைத்தது. மொத்தம் 8. அந்த எட்டும் எங்கள் குழுவில் குலை வெட்டுகிற ஒரு தம்பியிடம் போனது. அவன் சந்தோஷப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தைக் காதால் கேட்டு முடிவெடுத்தேனே என்பதுதான் தூங்கவிடவில்லை.

என் வேலையில் எனக்கு முன்னால் நான்கு சிசிடிவி திரை இருக்கிறது. நான்கும் அசையாத கேமரா. வாசல், எடை மேடை, குலை கொட்டும் இடம், பின்பக்க ரோடு. எந்த லோரி பின்னாலும் அவை ஓடுவதில்லை. அதனால்தான் எனக்கு எல்லாம் தெரிகிறது. ஒரு லோரி வளைவில் திரும்பும்போது ஒரு குலை கீழே விழுந்தால், நான் வேறு லோரியை எடை போட்டுக்கொண்டிருந்தாலும் ஓரக்கண்ணில் பிடித்துவிடுவேன். காற்பந்துக்கும் இப்படி ஒரு கேமரா, திடல் முழுவதையும் பார்த்தபடி சும்மா நிற்கிற ஒன்று, தனிச் சேனலாகவோ ஓரத்தில் சின்னக் கட்டமாகவோ கிடைத்தால் போதும். பந்து உயிரோடு இருக்கும்போது ரீப்ளே போடாமலிருந்தால் இன்னும் நல்லது.

இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது நடக்கக்கூடியதா? இப்போதைக்கு வேறு வழி உண்டா?


கேபிள் சுற்றி | ஞாயிறு மதியம் 2:15

அண்ணே, நான் ஆறு வருஷம் உள்நாட்டு லீக் ஆட்டங்களுக்குப் படம் பிடிக்கும் குழுவில் இருந்தேன். முதலில் கேமராக்காரருக்குக் கேபிள் பிடிக்கிற வேலை, அப்புறம் கேமரா. ஈப்போவில் மழையில் நனைந்தபடி பிளாஸ்டிக் உறை பிடித்தது எல்லாம் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் வீட்டில் பார்க்கும் படத்தில் பெரும்பகுதி ஒரே கேமராவில் இருந்து வருவது. அதை ஒன்றாம் கேமரா என்போம். நடுக்கோட்டுக்கு நேராக, உயரத்தில் இருக்கும். அதன் பக்கத்திலேயே இரண்டாம் கேமரா. அது ஆளை நெருக்கமாகப் பிடிக்கும். பெனால்டி கட்டத்துக்கு நேரே இரு பக்கமும் ஒவ்வொன்று, ஆஃப்சைடு பார்க்க. கோலுக்குப் பின்னால், பக்கக் கோட்டில் தோளில் தூக்கியபடி, எதிர்ப்பக்கத்தில் என்று மற்றவை. எங்களிடம் எட்டு இருந்தால் பெரிய ஆட்டம் என்று அர்த்தம். உலகக் கிண்ணத்தில் நிலைமையே வேறு. 2018ல் ரஷ்யாவில் ஒரு ஆட்டத்துக்கு 37 கேமரா.

ஆனால் எத்தனை கேமரா இருந்தாலும் வெளியே போவது ஒரே படம்தான். ஒளிபரப்பு வேனுக்குள் டைரக்டர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் எல்லாத் திரையும் இருக்கும். “ரெண்டு தயார்… ரெண்டு… ஒண்ணுக்கு வா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பந்து வெளியே போன உடனே ரீப்ளே ஆட்கள் “இருக்கு, இருக்கு” என்று கத்துவார்கள். 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரத்தை அவர் எதையாவது காட்டி நிரப்பியாக வேண்டும். ரீப்ளேயும் முகமும் கூட்டமும் அதனால்தான் வருகின்றன. உங்களுக்கு நடந்த கார்னர் விஷயம் டைரக்டருக்கும் வேதனைதான். கார்னர் அடிக்கிறவர் எவ்வளவு நேரம் எடுப்பார் என்று மனக்கணக்கில் வைத்துத்தான் ரீப்ளே போடுகிறார்கள். 2019ல் லிவர்பூல், பார்சிலோனா ஆட்டத்தில் அலெக்சாண்டர் ஆர்னல்ட் 79வது நிமிடத்தில் கார்னரை விட்டு விலகிப் போகிற மாதிரி நடந்து, சட்டென்று திரும்பி அடித்தாரே, ஒரிகி கோல் போட்டாரே, அப்படி ஒருவர் வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. வேனுக்குள் இருப்பவர்களுக்கு அந்த மாதிரி கார்னர்தான் பெரிய பயம்.

இனி உங்கள் சும்மா நிற்கிற கேமரா. யோசனை நல்லது, ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திடலின் நீளம் 105 மீட்டர். ஹெச்டி படத்தின் அகலம் 1920 புள்ளி (பிக்சல்). முழுத் திடலையும் ஒரே படத்தில் அடைத்தால் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 18 புள்ளி. 1.8 மீட்டர் உயரமான ஆள் 33 புள்ளிக்குள் சுருங்கிவிடுவார். படத்தின் உயரம் 1080 புள்ளி, அதாவது முப்பதில் ஒரு பங்கு. வீட்டில் 32 அங்குல டிவி என்றால் ஆள் உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. தூரத்துப் பக்கக் கோட்டில் நிற்பவர் அதிலும் சின்னவர். முதுகில் இருக்கும் எண் தெரியாது. ஓரத்தில் சின்னக் கட்டமாகப் போட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். 4கே திரையில் இரண்டு மடங்கு தெளிவு கிடைக்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த மாதிரிப் படத்தைப் பயிற்றுநர்கள் பார்க்கிறார்கள், பொதுமக்களுக்கு வருவதில்லை. அமெரிக்கக் காற்பந்தில் 2012ல் அதைத் திறந்துவிட்டார்கள். 22 பேரும் ஒரே படத்தில் தெரிகிற, பயிற்றுநர்கள் பார்க்கிற அந்தப் படத்தை, ஆட்டம் முடிந்தபின் ரசிகர்கள் காசு கட்டிப் பார்க்கலாம் என்று செய்தார்கள். அங்கே ஃபேண்டசி பைத்தியம் நம்மைவிட அதிகம். ஆகவே கேட்டால் கிடைக்காத பொருள் அல்ல இது. நேரடியாகக் கேட்பதைவிட, ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் போடச் சொல்லிக் கேட்பது எளிது என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அதுவே போதும் அல்லவா? அடுத்த வாரக் கெடுவுக்கு முன்னால் பார்த்தால் சரி.


பழைய கோலி | ஞாயிறு மாலை 6:50

தம்பிகளே, எனக்கு ஃபேண்டசி தெரியாது. பேரன் ஆடுகிறான், பார்த்திருக்கிறேன். தோட்டத்து அணிக்குப் பத்தொன்பது வருஷம் கோல் காவலராக நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

1980ல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென் கொரியாவை 2–1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். தோட்டத்து கிளப்பில் ஒரே ஒரு டிவி. லயத்தில் இருந்த அத்தனை பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். எனக்கு வயது பதினேழு. நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஆளை, கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை. ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட மனிதர், அவ்வளவு நீளமான கைகள். பந்து நம்மிடம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், பெட்டியை விட்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்தேன். காட்டவே இல்லை. பந்து அவரிடம் வரும்போதுதான் அவரும் வந்தார். ஆகவே எடைமேடைத் தம்பி சொல்லும் குறை எனக்குப் புரிகிறது. அது புள்ளிக் கணக்குக்கு முன்னாலேயே இருந்த குறை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓரத்தில் கட்டம், கீழே எண், மேலே பட்டியல் என்று திரையை நிரப்பாதீர்கள். கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும். பேரனோடு உட்கார்ந்து பார்க்கிறேன், அவன் கையில் இருக்கும் போனில் புள்ளி ஏறியதும்தான் நிமிர்கிறான். போன வாரம் அருமையான ஒரு பாஸ், மூன்று பேருக்கு நடுவில் ஊசியில் நூல் கோத்த மாதிரி போனது. கோல் ஆகவில்லை, அதனால் புள்ளி இல்லை, அதனால் அவன் பார்க்கவில்லை. எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது.

கேமராவை வைப்பதாக இருந்தால் பக்கவாட்டில் வேண்டாம், கோலுக்குப் பின்னால் உயரத்தில் வையுங்கள். நான் நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி அசைவது தெரியும். யார் கயிற்றை அறுத்துக்கொண்டு தனியே நிற்கிறான், யாருக்கு மூச்சு வாங்குகிறது எல்லாம் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொள்வார்கள். கேபிள் சுற்றித் தம்பி சொன்ன நீளக் கணக்கும் மாறும். திடலின் அகலம் 68 மீட்டர்தானே?


கேபிள் சுற்றி | ஞாயிறு இரவு 8:05

ஐயா சொல்வது சரி. 68 மீட்டரை 1920 புள்ளியில் அடைத்தால் மீட்டருக்கு 28. கிட்ட இருக்கும் பாதி நன்றாகவே தெரியும், எதிர்க் கோல் பக்கம்தான் சின்னதாகும். இரண்டு கோலுக்குப் பின்னாலும் ஒவ்வொன்று வைத்தால் அந்தக் குறையும் போகும். இதை நான் யோசிக்கவே இல்லை.


சனிக்கிழமைக் குழு | திங்கள் மாலை 4:30

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கெடாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். அக்கா தங்கை, பெரியம்மா பிள்ளைகள் என்று ஒன்பது பெண்கள் சேர்ந்து நான்கு வருஷமாக ஆடுகிறோம். எங்கள் வீடு தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மழை பெய்தால் டிஷ் படம் நின்றுவிடும், போன் லைன் பாதி நேரம் மெதுவாகத்தான் இருக்கும். அதனால் நீங்கள் சொல்லும் இரண்டாவது படம், மூன்றாவது படம் எல்லாம் எங்களுக்கு வந்து சேராது. அதை மனத்தில் வைத்து ஒன்று சொல்கிறேன்.

படமே வேண்டாம். புள்ளிகள் போதும்.

என் தம்பி வீடியோ கேம் ஆடும்போது திரைக்குக் கீழே சின்னதாக ஒரு ராடார் இருக்கும். பச்சைக் கட்டம், அதில் இரண்டு நிறத்தில் 22 புள்ளி. அதைப் பார்த்தே யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவான். உண்மையான ஆட்டத்திலும் அந்தக் கணக்கு ஏற்கெனவே எடுக்கப்படுகிறது. 2022 உலகக் கிண்ணத்தில் ஆஃப்சைடு பார்ப்பதற்காகக் கூரைக்கு அடியில் 12 கேமரா வைத்தார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 இடங்களை விநாடிக்கு 50 முறை அவை குறித்துக்கொண்டே இருந்தன. பிரிமியர் லீக்கிலும் 2025 ஏப்ரலில் இருந்து இப்படி ஒரு முறை வந்துவிட்டது. கால்விரல் கோட்டைத் தாண்டியதா என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியும்போது, அதை ஒரு புள்ளியாக நமக்கு அனுப்ப என்ன தடை? 22 புள்ளிகளின் இடத்தை அனுப்ப வீடியோ மாதிரி பெரிய லைன் வேண்டாம். எங்கள் ஊர் லைனே தாங்கும். டிவி திரையும் அப்படியே இருக்கும், ஐயா சொன்ன மாதிரி கண்ணுக்குத் தொந்தரவு இல்லை. வேண்டியவர்கள் போனில் வைத்துக்கொள்ளலாம்.

என் ஆட்டக்காரரின் புள்ளியை நான் விரலால் தொட்டால் அவருக்கு மட்டும் வட்டம் போட வேண்டும். தற்காப்புக் கணக்கு எட்டு ஆனதும் நிறம் மாற வேண்டும். 60வது நிமிடம் நெருங்கும்போதும் அப்படியே. 60 நிமிடம் ஆடினால்தான் 2 புள்ளி, கோல் விடாததற்கான 4 புள்ளியும் அப்போதுதான். 58ல் வெளியே எடுத்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது.

காயம் பற்றி மட்டும் ராடார் பொய் சொல்லக்கூடும். புள்ளி நொண்டாது அல்லவா? ஆனால் வேகம் குறைவது தெரியும். முதல் பாதியில் திடலின் பாதி தூரம் ஏறி ஏறி வந்த புள்ளி, இரண்டாம் பாதியில் பின்னாலேயே நின்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

இப்போதைக்கு எடைமேடை அண்ணனுக்கு என் யோசனை: ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அவர் பக்கம் இல்லாதபோது படத்தின் ஓரத்தில் அவர் வருகிறாரா என்று பாருங்கள். த்ரோ இன் நேரத்தில் பெரும்பாலும் அகலமான படம் கொடுப்பார்கள், அப்போது தேடுங்கள். போன் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள்; இணையத்தில் பார்க்கிறவர்களுக்குப் படத்துக்கு முன்னாலேயே கோல் போனில் வந்துவிடுகிறது, அதைப் பார்த்தபின் கண் வேறு எதையும் தேடாது. தற்காப்பு எண்ணிக்கையை நீங்களே எண்ணுவது நல்ல பழக்கம், ஆனால் அதை நம்பி மாற்றம் செய்யாதீர்கள். அதிகாரபூர்வக் கணக்கே ஆட்டம் முடிந்தபின் திருத்தப்படுவது உண்டு.


எடைமேடை | திங்கள் இரவு 10:20

டீச்சர், இதை நான் எதிர்பார்க்கவில்லை. படம் வேண்டும், படம் வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் குலை வெட்டுகிறவர்களுக்கும் இதுதான் பொருந்தும். காலையில் ஆறு மணிக்குப் பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு). நள்ளிரவு ஒன்றரை மணி ஆட்டத்தை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. காலையில் எழுந்து போனில் ராடாரை வேகமாக ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் ஆட்டம் புரிந்துவிடும்.

ஆனாலும் ஒரு ஆள் கஷ்டப்படுகிறாரா என்று தெரிய அவர் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கோலி ஐயா, கேபிள் சுற்றித் தம்பி, இரண்டு பேரும் சொன்னதைச் செய்து பார்க்கப் போகிறேன். வருகிற ஞாயிறு எங்கள் தோட்டத்துத் திடலில் ஏழு பேர் போட்டி இருக்கிறது. திடலின் ஒரு கோலுக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதன் மேல் போனைக் கட்டி ஓடவிடுகிறேன். என்ன கிடைத்தது என்று எழுதுகிறேன்.


பழைய கோலி | செவ்வாய் காலை 7:10

ஏணியில் ஏறும்போது கவனம், தம்பி. அந்தக் காலத்துத் தொட்டியெல்லாம் துருப்பிடித்திருக்கும். கீழே ஒரு ஆளை நிற்க வைத்துக்கொண்டு ஏறு.


எடைமேடை | அடுத்த திங்கள் இரவு 9:00

செய்து பார்த்துவிட்டேன். ஐயா சொன்னபடியே கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

போனைத் தொட்டியின் இரும்புக் கம்பியில் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினோம். அகலமாகப் பிடிக்கும் லென்ஸ். இருபது நிமிடம் ஒரு பாதி. போன் அசையவே இல்லை, யாரும் தொடவும் இல்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கோவில் மண்டபத்தில் வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் போட்டுப் பதினெட்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் “பந்து எங்கே, பந்து எங்கே” என்றுதான் கேட்டார்கள். சின்னதாக இருந்ததால் கண்ணில் படவில்லை. அப்புறம் பந்தைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். அவரவர் தங்களையே தேட ஆரம்பித்தார்கள். மைதானத்தில் தான் நின்ற இடத்தை யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு நடுவே இருந்த ஓட்டையைப் பார்த்து அவர்களே வாயடைத்துப் போனார்கள். எதிரணி போட்ட இரண்டு கோலும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

எனக்கு முக்கியமானது இதுதான். எங்கள் வலது பக்கத் தற்காப்பில் ஆடியவன் லோரி ஓட்டுகிற தம்பி. 17வது நிமிடத்தில் வெளியே வந்தான். திடலில் நின்ற எங்களுக்கு அப்போதுதான் தெரியும். என்னவென்று கேட்டதற்கு “ஒன்றும் இல்லை” என்றான். சுவரில் பார்த்தால், 11வது நிமிடத்திலேயே, பந்து மறுகோடியில் இருக்கும்போது, அவன் நின்ற இடத்திலேயே குனிகிறான். இடது கை முட்டியில், வலது கை தொடையின் பின்புறத்தில். மூன்று விநாடி. நிமிர்ந்து இரண்டு எட்டு வைத்துப் பார்க்கிறான். காலை முழுசாக ஊன்றவில்லை. அதன்பிறகு ஆறு நிமிடம் அவன் ஓடவே இல்லை, நடந்துகொண்டும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டும் சமாளித்திருக்கிறான். எண் தெரியவில்லை, முகம் தெரியவில்லை, ஆனால் அது தெரிந்தது. டீச்சர் சொன்ன மாதிரி புள்ளியாகப் பார்த்திருந்தாலும் அந்த ஆறு நிமிடம் மெதுவானது தெரிந்திருக்கும். குனிந்தது மட்டும் தெரிந்திருக்காது.

அவனைக் கூப்பிட்டு அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிக் காட்டினேன். சும்மா இருந்துவிட்டு, “அண்ணே, வெள்ளிக்கிழமையே வலி இருந்துச்சு” என்றான். நேற்றிரவே கிளினிக்கிற்குக் கூட்டிப் போனோம். பத்து நாள் ஆடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒளிபரப்புக்காரர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்பது இரண்டே விஷயம். இரு கோலுக்குப் பின்னாலும் அசையாமல் நிற்கும் கேமராவின் படம், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில். அப்புறம் டீச்சர் சொன்ன 22 புள்ளி, ஆட்டம் நடக்கும்போதே. தண்ணீர்த் தொட்டிப் படத்தில் அந்த மூன்று விநாடியையும் வெட்டி இணைக்கிறேன், தம்பி சரி என்று சொல்லிவிட்டான். கேபிள் சுற்றித் தம்பி, கேமரா எந்த உயரம் என்று கடிதத்தில் போட வேண்டும். எங்கள் தொட்டி தரையில் இருந்து முப்பது அடி. பெரிய ஸ்டேடியத்துக்கு எவ்வளவு என்று எழுதலாம்?